58 எழுத்து, 19 புள்ளி

ஏற்காட்டில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. அக்கா வீட்டுக்குப் போயிருந்த நாங்கள் ஏரிப்பக்கம்கூட எட்டிப் பார்க்க முடியாமல் இரண்டு நாள் உள்ளேயே அடைந்து கிடந்தோம். பொழுது போகாமல் அக்கா மகள் கைப்பேசியில் பிரிட்டனின் 'கவுண்ட்டவுன்' நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினாள். சொல்லும் எண்ணும் கலந்த போட்டி அது. சற்று நேரம் பார்த்ததும் எங்களுக்கே ஆடும் ஆசை வந்துவிட்டது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சீட்டுகள் செய்தோம். வங்கிக் கணக்கோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற மாமா ஒரு பக்கம், சேலத்தில் கல்லூரியில் படிக்கும் அவர் மகள் மறுபக்கம். புள்ளி போடும் வேலை என் தலையில் விழுந்தது.

எழுத்துச் சுற்றுகள் பத்தும் முடிந்தபோது மகள் 65, மாமா 19.

தினமும் ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்தை முடித்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறவர் மாமா. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மூளை துருப்பிடித்துவிட்டது" என்றார். "இப்போதுதான் தெரிகிறதா?" என்றாள் அடுக்களையிலிருந்து அக்கா. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன். பிறகு குறிப்புத் தாளை இன்னொரு முறை பார்த்தபோது ஏதோ இடித்தது.

என்ன இடித்தது என்று சொல்வதற்கு முன் ஆட்டத்தின் விதிகளைச் சொல்லிவிட வேண்டும். இதற்கு மூலம், பிரான்ஸ் நாட்டில் அர்மான் ஜம்மோ என்பவர் உருவாக்கிய நிகழ்ச்சி. 1965-இல் சொல்லாட்டமாகத் தொடங்கி, 1972-இல் எண்களும் சேர்ந்தன. பிரிட்டனில் 'சேனல் 4' ஒளிபரப்பைத் தொடங்கிய 1982 நவம்பர் 2 அன்று அதில் வந்த முதல் நிகழ்ச்சியே கவுண்ட்டவுன்தான். ஒன்பது எழுத்துகள் வரும். 30 வினாடிகளில் அவற்றிலிருந்து முடிந்தவரை நீளமான சொல்லைச் செய்ய வேண்டும். எழுத்துக்கு ஒரு புள்ளி. ஒன்பதையும் பயன்படுத்திவிட்டால் இரட்டிப்பாக 18. ஆனால் நீளமான சொல்லுக்கு மட்டுமே புள்ளி. இருவர் சொல்லும் ஒரே நீளம் என்றால் இருவருக்கும் உண்டு. இல்லையென்றால் குறைந்தவருக்குச் சுழியம்.

இந்தக் கடைசி விதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. என் தாளில் இருந்த கணக்கைப் பாருங்கள். மாமாவின் பத்துச் சொற்களின் நீளம்: 6, 5, 6, 7, 5, 6, 6, 5, 6, 6. கூட்டினால் 58. மகளுடையவை: 7, 6, 6, 7, 6, 7, 7, 6, 7, 6. கூட்டினால் 65. மூன்று சுற்றில் இருவரும் சமம். மீதி ஏழிலும் அவள் ஒரே ஓர் எழுத்து கூடுதல். ஒரு சுற்றில்கூட இரண்டு எழுத்து முந்தவில்லை. அதாவது, இருவரின் சொல் தேடும் திறனுக்கும் இடையே நூற்றுக்குப் பன்னிரண்டு அளவுதான் வித்தியாசம். புள்ளியிலோ மூன்று மடங்குக்கும் மேல். மாமா தேடிப்பிடித்த 58 எழுத்துகளில் 39 எழுத்து காற்றோடு போயிற்று.

நம் ஊர்த் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வாக்கு விகிதத்தில் சில புள்ளிகள் பின்தங்கிய கட்சி, தொகுதிக் கணக்கில் சுருண்டு விழும். ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் வந்தவருக்கே எல்லாம் என்ற விதி இருக்கும்போது சிறு வித்தியாசம் ஊதிப் பெருக்கப்படுகிறது. தராசு அப்படிச் செய்யாது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையில் கொலுசை நிறுத்துப் பார்த்தால் ஒரு கிராம் குறைவு ஒரு கிராம் குறைவாகத்தான் காட்டும். கவுண்ட்டவுனின் புள்ளிப் பலகையைத் தராசு என்று நம்புவதால்தான் தோற்றவர்மேல் நமக்கு இரக்கம் பொங்குகிறது.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சுற்றுகளின் எண்ணிக்கை. இப்போதைய அமைப்பில் ஓர் ஆட்டத்துக்குப் பத்து எழுத்துச் சுற்று, நான்கு எண் சுற்று, கடைசியில் ஒரு புதிர் என்று மொத்தம் 15. ஒரு சுற்றை வெல்லும் வாய்ப்பு உங்களுக்குப் பத்தில் ஆறு, எதிராளிக்கு நான்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரே சுற்றோடு ஆட்டம் முடிந்தால் அவரும் தாராளமாக ஜெயிப்பார். 15 சுற்று ஆடி, அதிகச் சுற்றுகளை எடுத்தவருக்கே வெற்றி என்றால் உங்கள் வாய்ப்பு 79 விழுக்காடாகிறது. பத்தில் ஏழு என்றால் 95 விழுக்காடு. பத்தில் எட்டு என்றால் 99-ஐத் தாண்டிவிடும். சுற்று கூடக்கூட அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைந்துகொண்டே போகிறது.

இரண்டாவது, நாற்காலி. கவுண்ட்டவுனில் வென்றவர் அடுத்த ஆட்டத்துக்கும் இருப்பார். தொடர்ந்து எட்டு வெற்றி வரை அப்படியே இருக்கலாம். ஆகவே புதிதாக வருகிறவருக்கு எதிரே இருப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஆட்களை வீழ்த்திச் சலித்தெடுக்கப்பட்டவர். சல்லடையில் தங்கியவரோடு சல்லடைக்கே வராதவரை மோதவிட்டால் ஒருதலை ஆட்டங்கள் அடிக்கடி வரத்தான் செய்யும்.

சரி, அந்த ஓர் எழுத்து வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஒன்பது எழுத்துகளை 3,62,880 வகையாக அடுக்கலாம். வினாடிக்கு ஒன்றாகப் பார்த்தால் நான்கு நாளுக்கு மேலாகும். கையில் இருப்பதோ அரை நிமிடம். ஆகவே யாரும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டாதவற்றைத் தள்ளுவதில்தான் திறமை இருக்கிறது. இதைத் தமிழிலேயே செய்து பார்ப்போம் என்று நான் எட்டுச் சீட்டுகளைக் கலைத்துப் போட்டேன்:

ட, பி, ம், தோ, ப், கா, ட், த்

எட்டுச் சீட்டுக்கு 40,320 அடுக்குகள். வினாடிக்கு ஒன்று என்றால் பதினோரு மணி நேரம். ஆனால் தமிழ் அறிந்த மூளை அப்படியா பார்க்கிறது? தமிழில் த் என்ற மெய்க்குப் பின்னால் தகர வரிசை மட்டுமே வரும். ப் என்றால் பகர வரிசை மட்டுமே. தொல்காப்பியம் எழுதிவைத்த விதி இது. படிக்காதவர் வாயும் இதை மீறாது. எனவே 'த்தோ' ஒரே துண்டு, 'ப்பி' ஒரே துண்டு. 'ட்' ஒரு சொல்லின் கடைசியில் நிற்காது. அதற்குப் பின்னால் மிஞ்சியிருக்கும் 'ட'தான் வரும், ஆக 'ட்ட' இன்னொரு துண்டு. சொல்லைத் தொடங்கத் தகுதியுள்ளது 'கா' மட்டும். 'ம்'முக்குப் பின்னால் வரக்கூடியது எதுவும் மிச்சமில்லை, அதனால் அதன் இடம் கடைசி. நடுவில் மூன்று துண்டுகள். அவற்றை ஆறு விதமாகத்தான் அடுக்க முடியும்.

நாற்பதாயிரத்துச் சொச்சம், கண்ணிமைப்பதற்குள் ஆறாகிவிட்டது! இந்த ஆறில் ஒன்றுதான் சொல்: காப்பித்தோட்டம். (மாமா 'காட்டப்பித்தோம்' என்று ஒன்றைச் சொல்லி, கொங்குப் பக்கம் அப்படிச் சொல்வதுண்டு என்று சாதித்தார். நடுவர் ஒப்பவில்லை.)

ஆங்கிலத்தில் இவ்வளவு கறாரான விதிகள் இல்லை. அங்கே விதியின் இடத்தைப் பழக்கம் பிடித்துக்கொள்கிறது. ஐ, என், ஜி மூன்றும் கண்ணில் பட்டால் தேர்ந்த ஆட்டக்காரர் அவற்றை ஒரு வால் போல ஓரமாக ஒதுக்கிவிட்டு மீதி ஆறை மட்டும் கவனிப்பார். மனத்தில் ஒரே நேரத்தில் ஏந்தி வைத்துக்கொள்ளக்கூடியவை ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பின்னாளில் வந்தவர்கள் அதை நான்கு வரைக்கும் இறக்கிவிட்டார்கள். ஒன்பது எழுத்து அந்தக் கைக்குள் அடங்காது. மூன்று நான்கு துண்டுகளாகக் கட்டிவிட்டால் அடங்கும். சதுரங்க வல்லுநர்களை வைத்து சேஸ், சைமன் என்ற இருவர் 1973-இல் செய்த ஆய்வும் இதையே காட்டியது. உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில வினாடி காட்டினால் வல்லுநர் பெரும்பாலான காய்களைச் சரியாகத் திருப்பி அடுக்குகிறார். காய்களைக் கண்டபடி இறைத்து வைத்தால் கற்றுக்குட்டியைவிடப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. நினைவாற்றலில் அவர் உயர்ந்தவரல்லர். அவரிடம் துண்டுகள் அதிகம், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பெண்ணும் அப்படித்தான். விடுதியில் தோழிகளோடு ஒரு வருடமாக இதே ஆட்டத்தை ஆடுகிறாள் என்பதைப் பாதி ஆட்டத்துக்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டாள். குறுக்கெழுத்தில் மாமாவுக்கு இருக்கும் பழக்கம் வேறு வகை. அங்கே துப்பிலிருந்து சொல்லுக்குப் போகிறோம், இங்கே துப்பே கிடையாது.

மாமாவிடம் இன்னொரு கோளாறும் இருந்தது. அவர் தாளில் பெரும்பாலான சுற்றுகளில் ஒரே ஒரு சொல்தான். ஏழெட்டு வினாடியில் ஆறெழுத்துச் சொல்லைப் பிடித்துவிடுவார். மீதி நேரமும் அதையே சுற்றிச் சுற்றி வருவார், ஏதாவது ஒரு வாலை ஒட்ட முடியுமா என்று. உளவியலில் இது பழைய செய்தி. 1942-இல் லூச்சின்ஸ் என்பவர் மூன்று ஜாடிகளை வைத்துக் கணக்குக் கொடுத்தார். 21, 127, 3 அளவு ஜாடிகளைக் கொண்டு 100 அளக்க வேண்டும். பெரியதிலிருந்து முதலாவதை ஒரு முறையும் மூன்றாவதை இரு முறையும் கழித்தால் வந்துவிடும். இதே வழியில் போகும் சில கணக்குகளுக்குப் பிறகு 23, 49, 3 கொடுத்து 20 கேட்டார். 23-இல் 3 கழித்தால் முடிந்தது. பலரோ 49-இலிருந்து 23-ஐயும் இரண்டு 3-ஐயும் கழித்துக்கொண்டிருந்தார்கள். 2008-இல் சதுரங்க வல்லுநர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். தெரிந்த தீர்வைக் கண்டுகொண்டவர்கள், வேறு வழியைத் தேடுவதாகச் சொன்னபோதும், அவர்கள் கண்கள் முதல் தீர்வின் கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தன. கிடைத்த நல்லது, கிடைக்க இருந்த சிறந்ததை மறைக்கிறது. இந்த ஆட்டத்தில் அதன் விலை மிகச் சரியாக ஓர் எழுத்து.

எண் சுற்றுக்கு வந்தபோது மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறு எண்கள் தரப்படும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும் கொண்டு இலக்கை எட்ட வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் ஒரு முறைதான் தொடலாம். சரியாக எட்டினால் 10 புள்ளி, ஐந்துக்குள் நெருங்கினால் 7, பத்துக்குள் என்றால் 5. சீட்டில் வந்தவை 100, 75, 8, 6, 6, 3. இலக்காகச் சேலத்து அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களை வைத்தேன்: 636.

நான் கடிகாரத்தைத் தொடுவதற்குள் மாமா, "நூற்றாறு ஆறு" என்றார். நூறோடு ஆறைக் கூட்டி மற்ற ஆறால் பெருக்கு, 636. மகள் 75-ஐ எட்டால் பெருக்கி 600 ஆக்கி, இரண்டு ஆறையும் பெருக்கி வந்த 36-ஐச் சேர்த்தாள். அதுவும் சரி, இருவருக்கும் பத்து. எனக்குப் பிடித்தது ஆறு எண்களையும் செலவழிக்கும் வழி: நூறை ஆறால் பெருக்கி 600, 75-இல் 3 போக 72, எட்டில் ஆறு போக 2, 72-ஐ இரண்டால் வகுத்தால் 36. இது தேநீர் ஆறும் வரை யோசித்துக் கண்டுபிடித்தது, போட்டிக்கு உதவாது.

மாமா இங்கே கணக்குப் போடவில்லை. 636 என்றதும் அது ஆறின் மடங்கு என்றும் அதன் துணை 106 என்றும் அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்த முகம் எதிரே வந்தது போல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பிக்க வைத்ததன் பயன் இதுதான். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று என்று வாய்ப்பாடாக ஏறிவிட்டால், சந்தையில் நின்றுகொண்டு யோசிக்க வேண்டியதில்லை. மனப்பாடத்தை இளப்பமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது.

கடைசிப் புதிர் மட்டும் வேறு சாதி. ஒன்பது எழுத்தும் கலைந்து வரும், முதலில் மணியடித்துச் சரியான சொல்லைச் சொன்னவருக்குப் பத்துப் புள்ளி. இதில் விடை படிப்படியாக வருவதில்லை; சட்டென்று உதிக்கிறது. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், இப்படி விடை உதிக்கும் நேரத்தில் வலது காதுக்கு மேலே உள்ள பகுதியில் ஒரு துடிப்பு தென்பட்டது. அதற்குச் சற்று முன்பு, பார்வையைக் கவனிக்கும் மூளையின் பின்பகுதி கொஞ்சம் அடங்குகிறது. யோசிக்கும்போது நாம் விட்டத்தைப் பார்ப்பது சும்மா இல்லை போலிருக்கிறது. ஆட்டம் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தாலும் இந்தப் புதிர் நடந்தே தீரும். பின்தங்கியவருக்குக் கௌரவத்தோடு எழுந்துபோக ஒரு வாய்ப்பு.

நான் இதையெல்லாம் விளக்கி முடித்ததும் மாமா குறிப்புத் தாளைக் கேட்டு வாங்கினார். 58, 65 இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் மழை விட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலத்துக்கு வந்து சேர்வதற்குள் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், பழைய பஸ் நிலையத்தில் எதிர்ப்பட்ட வங்கி நண்பர் என்று இரண்டு பேரிடம் சொல்லிவிட்டார்: "என் மகளிடம் தோற்றேன். ஏழே எழுத்தில்."