லேப்டாப் மாற்றும் முன் ரெக்கவரி கீயைத் தேடி எடுங்கள்

பழைய லேப்டாப்பின் எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதியதில் மாட்டினால் விண்டோஸ் அப்படியே ஓடுமா என்று வாரம் தவறாமல் யாராவது சர்வீஸுக்கு வந்து கேட்கிறார்கள். பெரும்பாலும் ஓடும். விண்டோஸ் 10, 11 இரண்டுமே புது போர்டைக் கண்டதும் டிரைவர்களை ஓரளவு தாமாகவே சரிசெய்துகொள்கின்றன. இன்று பலர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு: தங்களுக்கே தெரியாமல் டிஸ்க்கில் விழுந்திருக்கும் பூட்டு.

விண்டோஸ் 11 உடன் வரும் பெரும்பாலான லேப்டாப்களில், முதல்முறை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்ததுமே டிஸ்க்கைப் பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடும். ஹோம் எடிஷனிலும் உண்டு. 2024இல் வந்த 24எச்2 பதிப்பில் இதற்கான நிபந்தனைகளைத் தளர்த்தியதால், இன்னும் நிறைய லேப்டாப்கள் இதற்குள் வந்துவிட்டன. சாவி அந்த லேப்டாப் போர்டிலேயே டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருப்பதால் தினசரி வேலையில் எதுவும் தெரியாது. அதே எஸ்எஸ்டியை வேறு லேப்டாப்பில் மாட்டினால் நீலத்திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். முதலில் நுழைந்த அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில்தான் இந்தக் கீ சேமிக்கப்பட்டிருக்கும். அது இல்லாமல் வெறும் எஸ்எஸ்டியை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை எடுக்க வழியில்லை. உடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

ஆராய்ச்சி மாணவி ஒருவர், தண்ணீர் பட்டு போர்டு போன லேப்டாப்புடன் வந்தார். எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருந்தது. ஆய்வேடு முழுக்க அதில். வேறு லேப்டாப்பில் மாட்டினோம், கீ கேட்டது. அவருடைய அக்கவுண்டில் பார்த்தால் அந்த லேப்டாப்பே பட்டியலில் இல்லை. வாங்கிய அன்று கடை ஊழியர் அவசரத்துக்கு ஏதோ ஒரு மெயில் ஐடி உருவாக்கி செட்டப்பை முடித்துக் கொடுத்திருக்கிறார்; கீ அந்த அக்கவுண்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மெயிலும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. மிஞ்சிய ஒரே வழி பழைய போர்டையே மறுபடி ஓடவைப்பது. லேப்டாப்பை ஆன் செய்யும் அடிப்படை மென்பொருளான பயாஸ் இருக்கும் சிப்பைத் தொடாமல் சிப் லெவல் வேலை பார்த்து, ஒருமுறை ஆன் ஆகும் அளவுக்கு அதைக் கொண்டுவந்து, விண்டோஸுக்குள் போய் ஃபைல்களை எடுத்தோம். எல்லா போர்டும் அப்படித் திரும்பி வராது. ஆனாலும் லேப்டாப் செத்துவிட்டதென்று பழைய போர்டை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, கேட்காமல் பயாஸை மறுபடி எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். சாவியும் சேர்ந்து அழிந்துபோகலாம்.

பழைய லேப்டாப் இன்னும் ஆன் ஆகிறது என்றால் வேலை சுலபம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் என்றால், சார்ஜரைச் செருகிவிட்டு அதை ஆஃப் செய்து, முழுவதும் முடியும்வரை காத்திருங்கள். சில மணி நேரம்கூட ஆகலாம். ஆஃப் செய்ய விருப்பமில்லையா, சரி, அக்கவுண்டில் இருக்கும் கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே டிஸ்க்கில் சேமித்துப் பயனில்லை.

அப்புறம் பின் நம்பர். தினமும் அதைத் தட்டியே உள்ளே போய்ப் பழகியவர்களுக்கு அக்கவுண்ட் பாஸ்வேர்டு மறந்திருக்கும். பின் நம்பர் அந்த ஒரு லேப்டாப்பில்தான் செல்லும், புதியதில் பாஸ்வேர்டு வேண்டும். இப்போதே வேறொரு கருவியில் அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போக முடிகிறதா பாருங்கள்.

பூட்டுப் பிரச்சினை தீர்ந்த பிறகும் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வந்தால், டிஸ்க் போய்விட்டதாகப் பயப்பட வேண்டாம். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் டிஸ்க்கைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு பயாஸில் ஆன் ஆகியே வருகிறது. அதற்கான டிரைவர் உங்கள் பழைய விண்டோஸில் இல்லாமல் இருக்கலாம். விஎம்டியை ஆஃப் செய்து பாருங்கள். மாற்றும் முன் அந்த பயாஸ் திரையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், புது லேப்டாப்போடு வந்த விண்டோஸுக்குத் திரும்ப வேண்டுமென்றால் பழைய செட்டிங் தேவைப்படும். புதியது ஸ்னாப்டிராகன் பிராசஸர் உள்ள லேப்டாப் என்றால் முயற்சியே வேண்டாம், இன்டெல், ஏஎம்டி லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் அதில் பூட் ஆகாது.

என்னைக் கேட்டால், புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கும்போது ஃபைல்களை மட்டும் கொண்டுபோவதே நல்லது. விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. மறுபடி இன்ஸ்டால் செய்ய முடியாத பழைய பில்லிங் சாஃப்ட்வேர் போல ஏதாவது இருந்தால் மட்டும் முழு விண்டோஸையும் மாற்றுங்கள். டாலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் பழைய கம்ப்யூட்டரிலேயே லைசென்ஸை சரண்டர் செய்துவிட வேண்டும். அப்படி மாற்றும்போதும் பழைய எஸ்எஸ்டியையே கழற்றி மாட்டாமல், க்ளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருளில் இன்னொரு எஸ்எஸ்டிக்கு க்ளோன், அதாவது அச்சு அசல் நகல், எடுத்து அதைப் பயன்படுத்துங்கள். பிரிண்டர், மெயில், பில்லிங் எல்லாம் ஓரிரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு பழையதை அழித்துக்கொள்ளலாம்.