பத்தாவது அழுத்தலில் ஓடும் கணினி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ், டிடிபி வேலைகளுக்காகச் சிறு கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் மார்கழி மாதத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார். காலையில் கடையைத் திறந்து கணினியின் பொத்தானை அழுத்தினால் விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, இரண்டு நொடியில் எல்லாம் அடங்கிவிடுகிறது. மீண்டும் அழுத்தினால் மீண்டும் அதே கதை. எட்டாவது அல்லது பத்தாவது முறையில் மனம் இரங்கியது போல ஓடத் தொடங்கி, அதன்பின் இரவு கடை சாத்தும் வரை ஒரு குறையும் இல்லாமல் உழைக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் இது கண் திருஷ்டிதான் என்று சொல்லி எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டுப் போயிருக்கிறார். எலுமிச்சைச் சாறு ஒரு மின்பகுளி, அதாவது மின்சாரத்தைக் கடத்தும் கரைசல், என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கோளாற்றுக்குக் காரணமான மின்பகுளி பெட்டிக்கு உள்ளே இருக்கிறது.

ஓடி நிற்கும் கணினியிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை நொடி ஓடியது என்பதுதான். கண் இமைப்பதற்குள் அணைந்தால் எங்கோ குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) இருக்கிறது. சரியாக நான்கு நொடி ஓடி அணைந்தால் பொத்தானைச் சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் பொத்தானை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கணினி கட்டாயமாக அணைய வேண்டும் என்பது அதன் வடிவமைப்பிலேயே உள்ள விதி. ஆயுத பூஜை அன்று பொத்தானின் மேலேயே அப்பிய சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, உள்ளே போன பொத்தான் வெளியே வராமல் ஒட்டிக்கொண்டிருந்ததைப் புதுச்சேரியில் ஒரு நண்பரின் அலுவலகத்தில் நானே பார்த்திருக்கிறேன். அரை நிமிடம், சில நிமிடம் என்று ஓடிப் பிறகு அணைந்தால், செயலியின் (பிராசசரின்) மேல் அமர்ந்து அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தளர்ந்திருக்கலாம், அல்லது இடையில் பூசிய பேஸ்ட் காய்ந்து வெப்பம் ஏறியிருக்கலாம். நம் வாசகியின் கணினி இவற்றில் எதிலும் அடங்கவில்லை. சூடானதும் குணமாகிறது என்பதே அதன் தனிச்சிறப்பு.

அதைப் புரிந்துகொள்ள, பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள் நடக்கும் ஒரு சிறு உரையாடலை அறிய வேண்டும். 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறைப்படி செய்த கணினிகளில் முன்பக்கப் பொத்தான் வீட்டு மின்சாரத்தை நேரடியாக இணைப்பதில்லை. சுவர் ஸ்விட்சைப் போட்ட உடனேயே, எஸ்எம்பிஎஸ் என்று நாம் அழைக்கும் மின்வழங்கிப் பெட்டி, ஊதா நிறக் கம்பி வழியாக 5 வோல்ட்டை மட்டும் மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு பச்சைக் கம்பியின் மின்னழுத்தத்தைத் தரைமட்டத்துக்கு இறக்குகிறது; ‘எழுந்திரு’ என்பதற்கு அதுவே சைகை. எஸ்எம்பிஎஸ் தன் 12, 5, 3.3 வோல்ட் வழிகளைத் திறந்து, அவை ஒவ்வொன்றும் 5 சதவீத வரம்புக்குள், அதாவது 12 வோல்ட் வழியானால் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில், நிலைத்தனவா என்று பார்த்து, மேலும் 100 முதல் 500 மில்லிநொடி பொறுத்த பிறகே சாம்பல் நிறக் கம்பியில் ‘நலம்’ என்ற குறிப்பை அனுப்புகிறது. அந்தக் குறிப்பு வரும்வரை செயலி ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றாது. வந்த பிறகும் மின்னழுத்தம் சரிந்தால் குறிப்பு விலக்கிக்கொள்ளப்படும். சரிவு பெரிதென்றால் எஸ்எம்பிஎஸ் தன்னையே அணைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு நொடியில் அடங்கும் கணினி, பெரும்பாலும் கெட்ட மின்சாரத்தை ஏற்க மறுக்கும் கணினிதான்.

முதல் அழுத்தலில் கெட்டிருக்கும் மின்சாரம் பத்தாவது அழுத்தலில் எப்படி நல்லதாகிறது? என்னைப் பல ஆண்டுகளாகக் கவர்ந்துவரும் பொருளான மின்பகுளி மின்தேக்கிக்கு, கடைக்காரர்களின் சொல்லில் கெபாசிட்டருக்கு, இங்கேதான் வருகிறோம். எஸ்எம்பிஎஸ் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டு துண்டாக வெட்டி, சிறு மின்மாற்றி வழியாக இறக்குகிறது. வெளியே வருவது கைப்பம்பில் அடித்த தண்ணீர் போல விட்டு விட்டுத்தான் வரும். அதை வாங்கித் தேக்கி ஒரே சீராக விடும் தொட்டியே இந்த மின்தேக்கி.

அதன் உள்ளே பாய் போலச் சுருட்டிய இரண்டு அலுமினியத் தகடுகளும், அவற்றுக்கிடையே மின்பகுளித் திரவத்தில் ஊறிய காகிதமும் இருக்கின்றன. முதல் தகட்டின் பரப்பை அமிலத்தால் அரித்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குழிகளை உண்டாக்கி, அதன் மேல் அலுமினிய ஆக்சைடு படலத்தை வளர்க்கிறார்கள். ஒரு வோல்ட்டுக்கு ஒன்றரை நானோமீட்டர்கூட வராத அந்தப் படலமே மின்காப்பு. இவ்வளவு கரடுமுரடான பரப்பில் இன்னொரு உலோகத் தகட்டை இடைவெளியின்றிப் பொருத்த முடியாது. ஆனால் திரவம் ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கும். எனவே மின்தேக்கியின் உண்மையான இரண்டாவது தகடு அந்தத் திரவந்தான். இரண்டாவது அலுமினியம் அதற்குக் கம்பி இணைப்புக் கொடுப்பதற்காக மட்டுமே இருக்கிறது. படலத்தில் எங்காவது பழுது வந்தால், அங்கே கசியும் மின்னோட்டமே திரவத்திலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துப் புதிய ஆக்சைடை வளர்த்து ஓட்டையை அடைத்துவிடுகிறது. தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் மின் உறுப்பு வேறு எத்தனை இருக்கிறது?

இத்தனை சாமர்த்தியத்துக்கும் விலை, திரவம் என்றாவது ஒருநாள் வற்றும் என்பது. அடியில் உள்ள ரப்பர் அடைப்பின் வழியே அது ஆவியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். 10 டிகிரி குறைத்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. மேலே 105 டிகிரி, 2000 மணி என்று குறித்த மின்தேக்கி 65 டிகிரியில் 32,000 மணி உழைக்கும். பெரிய எண்ணாகத் தோன்றினாலும் இடைவிடாமல் ஓடினால் நான்கு ஆண்டுகூட இல்லை. சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும் நேரமெல்லாம் விழித்திருக்கும் 5 வோல்ட் வழியின் சிறு மின்தேக்கிகள் முதலில் தளர்ந்துபோவது இதனால்தான்.

திரவம் குறையும்போது மின்தேக்கியின் உள்தடை ஏறுகிறது. மின்னோட்டத்தைச் சுமப்பவை திரவத்தில் நீந்தும் அயனிகள் என்ற மின்னேற்றத் துகள்கள். குளிரில் திரவம் கெட்டிப்பட்டு அவை மெதுவாக நகர்வதால் தடை மேலும் ஏறும், சூட்டில் இறங்கும். புதிய மின்தேக்கியில் இந்த வேறுபாடு யாருக்கும் தெரியாது. ஆனால் வரம்பின் விளிம்பில் நிற்கும் கிழட்டு மின்தேக்கிக்குக் கடலூரின் மார்கழிக் குளிரே போதும். துண்டு மின்னோட்டம் சீராகாமல் அலைபாய, மேலே சொன்ன காவல் ஏற்பாடு கதவைச் சாத்திவிடுகிறது. ஆயினும் தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியிலும் அந்த உள்தடை வழியே மின்னோட்டம் பாய்ந்து மின்தேக்கியை உள்ளிருந்தே சூடாக்குகிறது. நோயாக வந்த தடையே மருந்தாகிய வெப்பத்தையும் உண்டாக்குகிறது. பத்தாவது அழுத்தலில் தடை போதிய அளவு இறங்கியிருக்கும். அதன்பின் கணினியின் சொந்தச் சூடு இரவு வரை அதைக் காப்பாற்றும்.

இன்னொரு விளக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து வரும் காற்றில் உப்புத் துகள்கள் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும், நம் கடலோர அதிகாலைகளிலோ ஈரப்பதம் அந்த எல்லையை எளிதில் கடக்கும். தூசியோடு படிந்த உப்பு காலையில் நனைந்து மதர்போர்டில் மின்கசிவை உண்டாக்கி, கணினி சூடானதும் காய்ந்துவிடக்கூடும். உலோக அரிப்பு ஆய்வுக்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் காரைக்குடியில் இயங்குகிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்தது அது. பாலங்களின் துருவுக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கை, கடலோரக் கடைகளின் மின்னணுப் பலகைகளுக்கும் கொடுக்க நிதி ஒதுக்கினால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

இரண்டில் எது என்று பிரித்தறிய, வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு காலைக்கு இரவல் வாங்கி மாட்டுவதே நேரான சோதனை. அதற்கு முன் செலவில்லாத ஒன்றைச் செய்துபார்க்கும்படி வாசகிக்கு எழுதினேன். அவர் இரவில் சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போகும் வழக்கமுள்ளவர். ஒரே ஓர் இரவு அதை அணைக்காமல் விட்டால், 5 வோல்ட் வழி விழித்திருக்கும், அதன் மின்தேக்கிகள் வெதுவெதுப்பாகவே இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க வேண்டாம் என்றும் எழுதினேன், ஏனெனில் அந்த 325 வோல்ட்டைத் தேக்கும் பெரிய மின்தேக்கி பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும்.

மறுநாள் கணினி முதல் அழுத்தலிலேயே ஓடியதாகப் பதில் வந்தது. இரவல் எஸ்எம்பிஎஸ்ஸோடு, சுவர் ஸ்விட்சை அணைத்துவைத்த இரவுக்குப் பிறகும் அப்படியே ஓடியிருக்கிறது. பழைய பெட்டியைக் கடலூர் போயிருந்தபோது வாங்கிவந்து, ஒரு வாரம் ஓரமாக வைத்து, பெரிய மின்தேக்கியில் மின்னூட்டம் இல்லை என்று மீட்டரில் பார்த்துக்கொண்ட பிறகு திறந்தேன். ஊதாக் கம்பி புறப்படும் இடத்தருகே இரண்டு சிறு மின்தேக்கிகளின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, உப்பிய பூரி போல மேடாகியிருந்தது. ஒன்றின் அடியில், சிந்திக் காய்ந்த தேன் போலப் பழுப்பாக ஒரு வளையம்.