சுழியம், முடிவிலி: ஒரு சொல் விளக்கம்

மார்கழியிலும் தையிலும் உதகையின் புல்வெளிகளில் உறைபனி படியும் நாள்களில், வெப்பநிலை ‘பூஜ்ஜியம் டிகிரி’யைத் தொட்டதாக நாளிதழ்கள் எழுதுகின்றன. ஊர்க்காரர் ‘ஜீரோவுக்குப் போய்விட்டது’ என்பார்; முதியவர் சிலர் இன்னும் ‘சைபர்’ என்பார்கள். கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசுவோர்க்கு அது ‘பூஜ்யம்’. முதுமலையைத் தாண்டிக் கன்னட நாட்டுக்குள் இறங்கினால் ‘சொன்னெ’. பாடநூல் ‘பூச்சியம்’ என்கிறது. தனித்தமிழில் எழுதுவோர் ‘சுழியம்’ என்கின்றனர்.

இத்தனை பெயர் இருந்தாலும் வேர்கள் சிலவே. வெறுமையைக் குறிக்கும் ‘சூன்ய’ என்ற வடசொல்லை அரபு மொழியினர் அதே பொருளுடைய ‘சிஃப்ர்’ என்ற தம் சொல்லால் வழங்கினர். 1202ஆம் ஆண்டில் இத்தாலியரான ஃபிபொனாச்சி அதை ‘செஃபிரம்’ என்று இலத்தீனில் எழுதினார். அது தேய்ந்து ‘ஜீரோ’ ஆனது. அதே அரபுச் சொல் வேறொரு வழியில் ஆங்கிலத்தில் புகுந்து, அங்கிருந்து நம்மிடம் ‘சைபர்’ என வந்தது. ஆகவே ஜீரோவும் சைபரும் ஒரு தாய் மக்கள். கன்னடத்தின் சொன்னெயும், தமிழ் அகராதிகளில் உள்ள ‘சுன்னம்’ என்ற சொல்லும் ‘சூன்ய’த்தின் பாகத (பிராகிருத) வடிவிலிருந்து வந்தவை. ‘சூனியம்’ என்ற வடிவமும் தமிழில் உண்டு. ஆனால் யாரோ வைப்பதும் எடுப்பதுமான ஒன்றாக அது பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டதால் கணக்குப் பாடத்துக்கு உதவாது. பூச்சியம் என்பது ‘வணக்கத்துக்குரியது’ என்று பொருள்படும் பூஜ்யம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம்.

சுழியம் மட்டும் வேறு குடும்பம். சுழல், சுழற்சி, நீர்ச்சுழி, பிள்ளையார் சுழி ஆகியவற்றில் உள்ள அதே பகுதியிலிருந்து பிறந்த இது, வெறுமை என்ற கருத்தைச் சொல்லாமல் எழுத்தின் வட்ட வடிவத்தைச் சொல்கிறது. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அதுவே நிறையாகப் படுகிறது. ஒரே இடர்ப்பாடு, பூரணம் வைத்துப் பொரித்த பலகாரத்துக்கும் பல ஊர்களில் சுழியம் என்றே பெயர் என்பதுதான்.

நிறை என்று நான் சொல்லக் காரணம், இந்த எண் எப்போதும் இன்மையைக் குறிப்பதில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடை போடும் மின்தராசில் முதலில் வெறும் சாக்கை வைத்து, ஒரு பொத்தானை அழுத்தி, திரையில் 0.00 என்று வரச் செய்கிறார்கள். சாக்கு அங்கேதான் இருக்கிறது, அதற்கு எடையும் இருக்கிறது. இனி வருவதை எங்கிருந்து அளப்பது என்ற குறியே அந்தச் சுழியம். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது என்னும்போது சுழியம் நிற்பது கடல்மட்டத்தில். உறைபனி நாளின் சுழியம் டிகிரியிலும் வெப்பம் இல்லாமல் போவதில்லை; நீர் உறையும் நிலைக்குச் செல்சியஸ் அளவுமுறை இட்ட பெயர் அது.

பழைய தமிழ் எண்முறையில் இந்தக் குறிக்கு வேலையே இருக்கவில்லை. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கு ௰, ௱, ௲ எனத் தனிக் குறிகள் இருந்ததால், 2,240 என்பதை ௨௲௨௱௪௰ என்று எழுதி நிறுத்திவிடலாம். ஒன்றாம் இடம் வெறுமையாக இருப்பதை யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. தமிழ் எண் வரிசைக்கு ௦ என்ற குறி, கணினி எழுத்துத் தரமான ஒருங்குறியில் (யூனிகோடு) 2005ஆம் ஆண்டில்தான் சேர்ந்தது.

சுழியத்தை எண்ணாகவே கொண்டு கூட்டல், கழித்தல், பெருக்கலுக்கு விதி சொன்னவர் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் (கி.பி. 628). வகுத்தலில் மட்டும் அவர் விதி நிலைக்கவில்லை: சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியம் என்றார். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் கிடைப்பது ‘அனந்தம்’ என்றார். ‘ஒன்றின் கீழ் சுழியம் முடிவிலி’ என்று இன்றும் மாணவர் ஒப்பிப்பதில் அந்தக் கருத்தின் எதிரொலி உண்டு.

அந்தக் கருத்து எங்கிருந்து எழுகிறது என்பதை நம் பழைய பின்னங்களான கீழ்வாய் எண்களே காட்டும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அந்த முந்திரியிலும் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. ஒன்றை முந்திரியால் வகுத்தால் 320. கீழ்முந்திரியால் வகுத்தால் 1,02,400. வகுக்கும் எண் சுழியத்தை நெருங்க நெருங்க ஈவு வரம்பின்றிப் பெருகுகிறது. ஆனால் குறை எண் பக்கமிருந்து நெருங்கினால் −320, −1,02,400 என எதிர்த்திசையில் ஓடுகிறது. மேலும், 1 ÷ 0 என்பதும் 2 ÷ 0 என்பதும் முடிவிலி என்ற ஒரே எண்ணாயின், அதைச் சுழியத்தால் பெருக்கும்போது ஒருமுறை 1உம் ஒருமுறை 2உம் வர வேண்டும். 1உம் 2உம் சமமாகிவிடும். ஆகவே அடிப்படைக் கணக்கில் இதற்குரிய விடை ‘வரையறுக்கப்படவில்லை’ என்பதே.

இங்கே ‘முடிவிலி’ என்ற சொல்லின் அமைப்பையும் பார்க்க வேண்டும். அறிவிலி, நாணிலி என்பவற்றில் ‘இலி’ என்ற ஈறு ஒன்று இல்லாத ஆளைக் குறிக்கிறது. அதே ஈற்றால் முடிவிலியும், எண்கோட்டின் கோடியில் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் போலத் தோன்றிவிடுகிறது. பள்ளிக் கணக்குக்கு ‘முடிவின்மை’ என்பதே பொருளுக்கு நெருக்கம். ஆனால் வழக்கு முடிவிலியின் பக்கம் சாய்ந்துவிட்டதால் அதை மாற்றுவது வீண் வேலை. 1655இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் புகுத்திய ∞ என்ற குறியையும் முடிவிலி என்றே படிக்கிறோம். தொல்காப்பியத்தின் ‘கந்தழி’யைச் சிலர் இதற்குப் பரிந்துரைக்கின்றனர், அதற்கு நச்சினார்க்கினியர் கூறும் உரை தத்துவங்களைக் கடந்த பரம்பொருளைச் சுட்டுவதால், அது சமயத்துக்கு ஏற்ற சொல், கணக்குக்கு அன்று.

‘எண்ணற்ற’, ‘எண்ணிலடங்கா’ என்பவற்றை இதனோடு கலக்கக் கூடாது. 12 ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவில் நீலம் பரப்பும் குறிஞ்சிப் பூக்கள் எண்ணற்றவை; ஆயினும் அவற்றுக்கு ஒரு தொகை உண்டு, எண்ணி முடிக்க ஆளில்லை, அவ்வளவுதான். இயல் எண்களோ முடிவிலா வரிசை. எந்த எண்ணைச் சொன்னாலும் அதனோடு ஒன்றைக் கூட்டலாம். 1 ÷ 3 = 0.333… என்பதிலும் இலக்கங்கள்தாம் ஓயாமல் தொடர்கின்றன, மதிப்பு அரையைக்கூட எட்டுவதில்லை. ஆகவே அதை ‘முடிவுறாச் சுழல் தசமம்’ என்று எழுதுவதே சரி, ‘முடிவிலித் தசமம்’ என்பது பிழை.