கார் கண்ணாடியை உடைத்துவிட்டார்களா? முதலில் ரிப்போர்ட், அப்புறம் வாட்ஸ்அப்

கோலாலம்பூரில் கிரிமினல் வழக்குகள் பார்க்கிற வக்கீல் என்று தெரிந்தால் போதும், கோயிலானாலும் கல்யாண வீடானாலும் யாராவது ஒருவர் வந்து, "சார், எங்க தாமான்ல (குடியிருப்புப் பகுதியில்) நேத்து ராத்திரி காரை உடைச்சிட்டாங்க" என்று ஆரம்பித்துவிடுவார். நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான். போலீஸ் ரிப்போர்ட் செய்தீர்களா? பலர் செய்திருக்க மாட்டார்கள். திருடனைப் பிடிக்கவா போகிறார்கள், அரை நாள் வேலை போவதுதான் மிச்சம் என்பார்கள். அதே ஆள் உடைந்த கண்ணாடியைப் படமெடுத்து, விடிவதற்குள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார்.

அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டது எந்தக் கணக்கிலும் வராது. ஒரே தெருவில் ஐந்தாறு கார்கள் உடைபட்டு ஒருவர் மட்டும் ரிப்போர்ட் செய்திருந்தால், போலீஸ் பதிவில் அங்கே நடந்தது ஒரே ஒரு திருட்டு. ஒரு திருட்டுக்காக அந்தத் தெருவுக்கு ரோந்தைக் கூட்டச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது?

சம்பவம் நடந்த இடத்து நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. பத்துமலையில் சாமி கும்பிடப் போன நேரத்தில் உடைத்திருந்தால், கிள்ளானில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்திலேயே கொடுக்கலாம். நாட்டில் எங்கே நடந்த குற்றமானாலும் எந்த நிலையமும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு சொல்கிறது. கிளம்பும் முன் ஒன்று: சீட்டில் கற்கண்டு மாதிரி கொட்டிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். படமெடுங்கள், கதவுகளை அதிகம் தொடாதீர்கள், எதிர்வீட்டு சிசிடிவி பதிவு அழிவதற்குள் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

நான் பார்க்கிற ரிப்போர்ட்டுகளில் நிறைய இரண்டே வரிதான். கார் உடைக்கப்பட்டது, பொருள் காணவில்லை, அவ்வளவு. அப்படி ஒன்றோடு ஓர் ஆசிரியை வந்தார். சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்திருந்த கைப்பை போயிருந்தது, ரிப்போர்ட்டில் 'ஒரு பை' என்றுதான் இருந்தது. பைக்குள் என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மைகாட் என்ற அடையாள அட்டை, லைசென்ஸ், வங்கி அட்டைகள், கடைசியில் மெதுவாக, வீட்டுச் சாவி. மைகாட்டில் வீட்டு முகவரி அச்சாகியிருக்கிறது, சாவியும் அதே பையில்! அன்றைக்கே பூட்டை மாற்றச் சொன்னேன், மறுபடி போய்க் கூடுதல் ரிப்போர்ட் கொடுக்கவும் சொன்னேன். காரை எத்தனை மணிக்கு எங்கே விட்டீர்கள், எப்போது பார்த்தீர்கள், எந்தக் கண்ணாடி, என்னென்ன போனது, லேப்டாப் என்றால் அதன் சீரியல் எண், எல்லாம் எழுத்தில் வர வேண்டும். ரிப்போர்ட் மலாயில் இருக்கும், படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மலாய் சரியாக வராத பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகட்டும். மைகாட் திருட்டில் போனது என்று ரிப்போர்ட்டில் இருந்தால், தேசியப் பதிவிலாகாவில் அதைத் தொலைத்ததற்கான அபராதத்திலிருந்து விலக்குக் கேட்கலாம்.

இன்சூரன்ஸைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரண கார் பாலிசி காருக்குள் இருந்த பொருளுக்குப் பணம் தராது. தனியாக விண்ட்ஸ்கிரீன் கவர் எடுத்திருந்தால் கண்ணாடிக்கு அதில் கிளைம் செய்யலாம், என்சிடி, அதாவது கிளைம் செய்யாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, குறையாது. அதை விட்டு மெயின் பாலிசியில் கிளைம் செய்தால், வருடக்கணக்காகச் சேர்த்த 55 விழுக்காடு என்சிடி போய்விடும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. குழுவில் ஒரு படம் வரும். வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் சாலையோரம் நிற்பார், கீழே 'இவன்தான், கவனம்' என்று எழுதியிருக்கும். முதலாளியின் லாரிக்காகக் காத்திருந்தவராகவும் இருக்கலாம். அந்தப் படத்தைப் பரப்பியவர் மேல் அவதூறு வழக்கு வரலாம், அதைவிட மோசம், யாராவது அந்த ஆளை அடித்துவிடுவார்கள். திருடும்போது கண்ணெதிரே பிடித்தால் பொதுமக்களே பிடித்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது, தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். 999-க்கு அழைத்துவிட்டுக் காத்திருங்கள். கட்டி வைத்து அடித்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்கப் போவது நீங்கள். அப்படி நின்ற குடும்பஸ்தர்கள் எனக்குக் கட்சிக்காரர்களாக இருந்திருக்கிறார்கள், பார்க்கவே மனசு கஷ்டப்படும்.

ரிப்போர்ட் செய்து நான்கு வாரமாகியும் தகவல் இல்லையா? 107ஏ பிரிவின் கீழ் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு நிலையத் தலைவருக்கு எழுதுங்கள், இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். ரிப்போர்ட் எண்ணோடு ஒரு பக்கக் கடிதம் போதும். ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பின் கூட்டத்துக்குப் போகிறவர்கள் தெருவில் எல்லாருடைய ரிப்போர்ட் எண்களையும், உடைபட்ட நேரங்களையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எரியாத தெருவிளக்குகளையும் கம்பத்து எண்ணோடு குறித்து கோலாலம்பூர் மாநகராட்சியான டிபிகேஎல்லுக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.