பழைய பிஸ்டலின் நீலம்: அசலா, பிறகு ஏற்றியதா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் பங்களாக்களில் வெள்ளைக்காரர் காலத்து ரிவால்வர் ஏதாவது கண்ணில் பட்டால், அதன் கருநீலப் பளபளப்பில் மயங்கிவிடாதீர்கள். இரண்டு பருவமழையும் மூடுபனியும் பார்த்த இரும்பு நேற்றுச் செய்தது போல இருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

அந்த நீலம் பெயிண்ட் அல்ல, இரும்பிலேயே விளைந்த ஆக்சைடு. பழைய முறை ஒன்றில் அமிலக் கரைசல் தடவி, வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவார்கள். அப்புறம் கொதிநீரில் போட்டால் செந்துரு மேக்னடைட் என்ற கரும் ஆக்சைடாக மாறும். உதிர்வதைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு மறுபடி துரு, மறுபடி கொதிநீர். சூடான காஸ்டிக் சோடா, நைட்ரேட் கரைசலில் முக்கி எடுப்பது 1930-களில்தான் பரவியது. 1890-களின் பிஸ்டலில் அந்த வேலை தெரிந்தால், அது பின்னால் செய்ததுதான்.

ஆனால் நிறத்தை வைத்து மட்டும் சொல்வது கடினம். உலோகத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக நீலம் ஏற்றுமுன் பழைய துருவை உப்புத்தாளாலும் பஃப் சக்கரத்தாலும் எடுப்பார்கள். அப்போது கூரான விளிம்புகள் மழுங்கும், திருகாணித் துளையின் வாய் கிண்ணம் போலக் குழியும். துப்பாக்கியைச் சோதித்து லண்டனிலும் பர்மிங்காமிலும் குத்திய முத்திரைகளின் ஓரம் கரையும். தொழிற்சாலையிலேயே முத்திரைக்குப் பிறகு மெருகிட்டதும் உண்டு. அதனால் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லக்கூடாது.

நான் அதிகம் நம்புவது துருக்குழிகளைத்தான். அந்தக் காலத்துத் தோட்டாவின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகத் தங்கி, காற்றின் ஈரத்தை இழுக்கும். சுத்தம் செய்யாமல் விட்டால் சிலிண்டர் (தோட்டாக்கள் போடும் சுழல் உருளை) முகப்பிலும் குழலிலும் பொடிப்பொடியாகக் குழி விழும். துரு தின்னும் இடத்தில் நீலமும் போய்விடும். ஆகவே ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்து, லென்ஸ் வழியே குழியின் அடியைப் பாருங்கள். பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் நல்ல அறிகுறி. சுற்றிலும் உள்ள அதே நீலம் அடியிலும் படிந்திருந்தால், குழி விழுந்த பிறகுதான் நீலம் ஏறியிருக்கிறது.

தேய்மானமும் பேசும். உறையில் உரசும் குழல் முனையிலும் சிலிண்டர் ஓரத்திலும் நீலம் படிப்படியாக மெலிந்து பழுப்பாவது இயல்பு.

பாதி நீலம் போன அசல் பிஸ்டலையே சேகரிப்பவர்கள் விரும்புவார்கள். அது சரியான விருப்பம் என்பேன். மெட்டல் பாலிஷ் பக்கம் போகவே வேண்டாம். குண்டு இல்லை என்று விவரம் தெரிந்தவர் உறுதி செய்தபின் மெல்லிய எண்ணெய் தடவினால் போதும். தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஊட்டி ஈரத்தை அது உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துவிடும்.