ஒரே நாளில் வந்து போன 115 கோடி டாலர்

'2021 மார்ச்சில் சூடானுக்கு அமெரிக்கா 115 கோடி டாலர் கொடுத்து, அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டதாமே? பிறகு எதற்குக் கொடுக்க வேண்டும்?' வாசகர் ஒருவரின் கேள்வி இது.

பின்னணி தெரிந்ததுதான். பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடு என்று 1993-இல் சூடானைப் பட்டியலில் சேர்த்தது அமெரிக்கா. 2019-இல் சூடான் அதிபர் ஒமர் அல் பஷீர் கவிழ்ந்தார்; 2020 டிசம்பரில் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது.

பெயர் நீங்கியும் உலக வங்கியிடமிருந்து பணம் வரவில்லை. காரணம், அந்த வங்கிக்குச் சூடான் கட்ட வேண்டிய பல ஆண்டு நிலுவை. அதைக் கட்டாத நாட்டுக்குப் புதிதாக ஒரு டாலரும் கிடையாது என்பது விதி. புதுப் பணம் வராமல் நிலுவையைக் கட்ட சூடானிடம் வழியில்லை.

நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் புதுப்பிப்பவர்களுக்கு இந்த முடிச்சும் தெரியும், அவிழ்க்கும் வழியும் தெரியும். காலையில் கைமாத்து வாங்கிப் பழைய கடனைக் கட்டுவார்கள். புதுக் கடன் கைக்கு வந்ததும் கைமாத்தை அடைப்பார்கள். வாஷிங்டனில் நடந்ததும் அதேதான். பெயர் மட்டும் 'இணைப்புக் கடன்'. அமெரிக்கக் கருவூலம் கொடுத்த 115 கோடியில் நிலுவை தீர்ந்தது. தீர்ந்ததால் சூடான் தகுதி பெற்றது. உடனே உலக வங்கி பணம் விடுவித்தது, அமெரிக்காவின் 115 கோடி அன்றே திரும்பியது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். விவசாயி புதுக் கடனாளியாக வெளியே வருகிறார். உலக வங்கி சூடானுக்குக் கொடுத்ததோ கடன் அல்ல, மானியம். அதுவும் நிலுவையைவிடக் கூடுதலாக. கைமாத்தை அடைத்த பிறகும் 21.5 கோடி டாலர் சூடான் அரசின் செலவுக்கு மிஞ்சியது. நிலுவையை நேரடியாகத் தள்ளுபடி செய்தால் என்ன? செய்தால், மற்ற நாடுகளும் தவணையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். விதியையும் மீறாமல் கடனையும் கரைக்க ஒரு பகல் போதுமாக இருந்தது. கணக்கர்களுக்குச் சிலை வைக்கலாம்!

உண்மையான லாபம் அந்த 21.5 கோடியும் அல்ல. சுமார் 200 கோடி டாலர் மானியத்துக்கு வாசல் திறந்தது. ஜூனில் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் கடன் நிவாரணத்துக்கு ஒப்புதல் தந்தன. நிபந்தனைகளை முடித்தால் 5,600 கோடிக்கு மேலிருந்த வெளிக்கடன் சுமார் 600 கோடியாகச் சுருங்கும் என்பது கணக்கு.

அக்டோபர் 25-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டே நாளில் உலக வங்கி பணத்தை நிறுத்தியது.