மடிப்பைத் தாங்கும் ஓவியம்

சுவரில் மாட்டிய ஓவியத்துக்கு இல்லாத ஒரு சோதனை மடக்கு விசிறியின் ஓவியத்துக்கு உண்டு: ஒவ்வொரு முறை மூடும்போதும் அது பல இடங்களில் மடிந்து, திறக்கும்போது சிதையாமல் விரிய வேண்டும். ஹெயான் காலத்து (8 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பானில் தோன்றிய மடக்கு விசிறி, 16ஆம் நூற்றாண்டில் கடல்வணிகத்தின் வழியே ஐரோப்பாவை அடைந்து, அங்கே நகைக்கு நிகரான ஆடம்பரப் பொருளாயிற்று. பாரிஸ் விசிறிக் கைவினைஞர்களுக்கு 1678இல் தனிச் சங்கம் அமைந்தது; லண்டன் கைவினைஞர்களுக்கு ராணி ஆன் 1709இல் அரச சாசனம் அளித்தார்.

தந்தம், முத்துச்சிப்பி, ஆமை ஓடு ஆகியவற்றாலான குச்சிகளே விலையைக் கூட்டின என்று எண்ணத் தோன்றும். ஆனால் உண்மையான நுட்பம் அவற்றின்மேல் ஒட்டப்படும் மெல்லிய தாளிலோ தோலிலோதான் இருக்கிறது என்பேன். எந்தப் பரப்பையும் வளைத்தால் அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. அந்த நீட்சியின் விகிதம், ஏறத்தாழ, தடிமனை வளைவின் ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தாளை 1 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் அதன் மேற்பரப்பு 10 சதவீதம் நீள வேண்டும். தடிமன் பாதியானால் நீட்சியும் பாதியாகிறது. ஆட்டுக்குட்டியின் தோலை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிதாகப் பதப்படுத்தியதன் பயன் இதில் தெளிவாகிறது. தோலிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிக் கிடப்பதால், மடிப்பில் அது எளிதில் கிழிவதுமில்லை.

வண்ணத்தின் தேர்வும் இதே கணக்கைச் சார்ந்தது. எண்ணெய் வண்ணம் காலப்போக்கில் இறுகித் தடித்த படலமாகும் என்பதால், கோந்தில் குழைத்த, ஒளிபுகா நீர்வண்ணமான குவாஷையே ஓவியர்கள் பெரிதும் விரும்பினர். அதையும் மெல்லிதாகப் பூச வேண்டும், ஏனெனில் தடித்துப் பூசினால் குவாஷும் மடிப்பின் முகட்டில் உதிர்ந்துவிடும்.

ஓவியம் தட்டையான பரப்பில் முடிந்த பிறகே மடிப்பு விழுகிறது. முன்பே மடிக்கப்பட்ட இரு கெட்டி அட்டைகளுக்கு இடையே அதை வைத்து அழுத்தும்போது, கோடுகள் எல்லாம் குச்சிகளைக் கீழே ஒன்றாகப் பிணைக்கும் தறையாணியை மையமாகக் கொண்டு விரிகின்றன. அந்த மையம் பிசகினால் விசிறியை மூடும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் புடைக்கும். பிரெஞ்சு ஓவியர் தெகா வரைந்த விசிறி வடிவ ஓவியங்களில் பெரும்பாலானவை மடிக்கப்படாமல் சட்டமிடப்பட்டவை. அழகில் குறைவில்லை என்றாலும், அவற்றுக்கு இந்தச் சோதனை நேரவே இல்லை.

ஈரப்பதம் ஏறி இறங்கும்போது தோலும் தந்தமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், ஒட்டிய இடத்தில் இழுவிசை எழுகிறது. காற்று வறண்டிருக்கையில் பழைய விசிறியை விரைந்து விரித்தால், முதலில் பிளப்பது மடிப்புக் கோடுகளே.